மாத்திரை ஆரம்பித்த பிறகு அண்ணனுக்கு இன்னும் மோசமாகிறது. பி.எம்.எல். என்ற மூளை நோய் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கேத்திக்காரன் கேட்டது:

வணக்கம். நீலகிரியில் கேத்திப் பக்கம் எங்கள் ஊர். அண்ணனுக்காக எழுதுகிறேன். பிக்கப் வண்டி ஓட்டுகிறவர், இன்னும் நாற்பது ஆகவில்லை. கேரட் கழுவி மூட்டை கட்டியதும் ராத்திரியோடு ராத்திரியாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்றிப் போவார்.

மழை விட்டதிலிருந்தே அவருக்கு இடது பக்கத்தில் ஏதோ சரியில்லை. பர்லியாறு கிட்டே வண்டியின் இடது கண்ணாடியை உரசிவிட்டு வந்தார். கொஞ்ச நாளில் மறுபடியும் அதே பக்கம். கேட்டால் தூக்கக் கலக்கம் என்றார். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் வலது பாதி காலியாகும், இடது பாதிச் சோறு அப்படியே இருக்கும். போதும் என்று எழுந்துவிடுவார். அம்மா தட்டைத் திருப்பி வைத்தால் அதையும் சாப்பிடுவார். அப்புறம் ஸ்வெட்டர் பொத்தான் போட முடியவில்லை, பேச்சு குழறியது. குடிக்கிற ஆள் இல்லை. காய்ச்சல், தலைவலி எதுவும் கிடையாது.

கோயம்புத்தூர் கூட்டிப் போனோம். எம்.ஆர்.ஐ.யில் மூளையின் வலது பக்கம் வெள்ளைத் திட்டுகள். ரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பது அப்போதுதான் தெரிந்தது. சிடி4 என்ற எதிர்ப்புச் சக்தி செல்களின் எண்ணிக்கை வெறும் 64. முதுகில் ஊசி போட்டு எடுத்த நீரில் ஜே.சி. வைரஸ் இருந்தது, டிபி, பூஞ்சை எதுவும் இல்லை. பி.எம்.எல். என்று சீட்டில் எழுதினார்கள். "இந்த வைரஸுக்கென்று தனி மருந்து கிடையாது, எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை மட்டும் விடாமல் கொடுங்கள்" என்றார் டாக்டர்.

டி.எல்.டி. என்ற அந்தக் கூட்டு மருந்து மாத்திரை ஆரம்பித்துச் சில வாரம் ஆகிறது. இப்போது நிலைமை முன்பைவிட மோசம். இடது கை தொங்குகிறது, பிடித்துக்கொண்டால்தான் நடக்கிறார், தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. மாத்திரைதான் ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்து என்று மாமா சொல்கிறார். உண்மையிலேயே இதற்கு மருந்து இல்லையா? மாத்திரை சாப்பிட்டும் ஏன் இறங்குகிறார்? அம்மா ஊட்டிவிடுகிறார், பிள்ளைகள் பக்கத்தில் படுக்கிறார்கள், அவர்களுக்கு இந்த ஜே.சி. வைரஸ் ஒட்டுமா? அண்ணிக்கு எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்தாகிவிட்டது, இல்லை என்று வந்தது.

இன்னொன்று. போன வருஷம் அண்ணனுக்கு மார்பைச் சுற்றி அக்கி வந்தது. காவி குழைத்து அக்கி எழுதினோம், ஆறிவிட்டது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

கோத்தகிரி அக்கா பதில்:

தம்பி, முதலில் மாமாவை ஓரமாக உட்காரச் சொல். மாத்திரையை நிறுத்தாதே. மற்றதெல்லாம் அப்புறம்.

என் வீட்டுக்காரருக்கும் இதே பி.எம்.எல்.தான். அவருக்கு வலது பக்கம் போனது, கூடவே பேச்சும். கொழுந்து வெட்டுகிற கத்திரியைக் கையில் கொடுத்தால் அதை என்ன செய்வது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டு நிற்பார். இருபது வருஷமாகப் பிடித்த கத்திரி. "கண் வை" என்று சொல்ல நினைத்து "கல் வை" என்பார், தான் சொன்னது தப்பு என்று அவருக்கே தெரியும், அழுவார். அந்த நேரத்தில் எல்லோரும் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி எப்படி வந்தது என்பதுதான். உன்னிடமும் கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. நோயாளியின் விவரத்தை வெளியே விடக்கூடாது என்று 2017இல் சட்டமே போட்டு, 2018 செப்டம்பரில் அமலுக்கும் வந்துவிட்டது.

அவருக்கும் மாத்திரை ஆரம்பித்த பிறகு இறங்கத்தான் இறங்கியது. எங்களுக்கு டாக்டர் சொன்ன கணக்கு இது: எதிர்ப்புச் சக்தி படுத்துக் கிடந்தவரை மூளைக்குள் வைரஸ் சத்தமில்லாமல் தின்றுகொண்டிருந்தது. மாத்திரையால் எச்.ஐ.வி. அடங்கியதும் எதிர்ப்புச் சக்தி எழுந்து வந்து அதன்மேல் பாய்கிறது. அந்தச் சண்டையில் மூளையில் வீக்கம் வரும், ஆள் இன்னும் மோசமாகத் தெரிவார். வீக்கம் அதிகம் என்றால் ஸ்டீராய்டு கொடுப்பார்கள், கூட்டு மருந்தை நிறுத்த மாட்டார்கள். எங்களுக்கும் மறுபடி எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துத்தான் ஸ்டீராய்டு போட்டார்கள். ஆனால் தம்பி, எல்லா இறக்கமும் வீக்கம்தான் என்று நினைக்காதே, நோயே முற்றுவதாகவும் இருக்கலாம். அதைப் பிரித்துச் சொல்ல ஸ்கேன் வேண்டும். அடுத்த தேதி வரும்வரை காத்திருக்காமல் இப்போதே கூட்டிப் போ.

புரையேறுவதைச் சாதாரணமாக எடுக்காதே. படுக்க வைத்து ஊட்டக்கூடாது. நேராக உட்கார வைத்து, தாடையைக் கொஞ்சம் நெஞ்சை நோக்கித் தாழ்த்தச் சொல். தண்ணீரைவிடக் கெட்டியான ராகிக் கூழ் நல்லது. ஒரு ஸ்பூன் உள்ளே போய் விழுங்கினாரா என்று தொண்டையைப் பார், அப்புறம் அடுத்த ஸ்பூன். வலுவில்லாத பக்கக் கன்னத்தில் சோறு தங்கிவிடும், கடைசியில் விரலில் துணி சுற்றி எடுத்துவிட வேண்டும். நான் இவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு கொடுத்து முடிப்பதற்குள் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பாத்தி வெட்டி முடித்திருப்பார்கள்.

மலைத்தேன் வியாபாரி பதில்:

எங்கள் ஊரில் ஒரு வைத்தியர் மூலிகைக் கஷாயத்தில் எச்.ஐ.வி.யைச் சுத்தமாக எடுத்துவிடுகிறார். இங்கிலீஷ் மருந்தை மட்டும் நிறுத்த வேண்டும். தனியாகக் கேளுங்கள், நம்பர் தருகிறேன்.

கோத்தகிரி அக்கா பதில்:

தேன் விற்றால் தேனோடு நிறுத்திக்கொள்ளுங்கள் அண்ணா. சிடி4 64இல் இருக்கிறவரிடம் மாத்திரையை நிறுத்தச் சொல்வது கொலைக்குச் சமம்.

குன்னூர் பழைய நர்ஸ் பதில்:

சமவெளியில் எச்.ஐ.வி. வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அக்கா சொன்னது சரி. விட்டதை மட்டும் சொல்கிறேன்.

ஜே.சி. வைரஸ் அம்மாவுக்கோ பிள்ளைகளுக்கோ புதிதாக வந்து ஆபத்தாகிவிடும் என்ற பயமே வேண்டாம். பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் உடம்பில் அது ஏற்கெனவே இருக்கிறது. சின்ன வயதிலேயே தொற்றி, சிறுநீரகத்தில் சும்மா கிடக்கும். எதிர்ப்புச் சக்தி அடியோடு விழுந்தால்தான் மூளைக்கு ஏறி, நரம்பிழைக்கு உறை போடும் செல்களைக் கொல்லும். உறை போனால் செய்தி போகாது. அதனால்தான் காய்ச்சலும் தலைவலியும் இல்லாமல் கை, பேச்சு, ஒரு பக்கப் பார்வை என்று ஒவ்வொன்றாகப் போகிறது. தட்டில் பாதிச் சோறு நின்றது அடம் இல்லை, அந்தப் பாதி அவர் கண்ணுக்கே படவில்லை. சாப்பாட்டை வலது பக்கமாக வையுங்கள். பேசும்போது வலது பக்கம் நில்லுங்கள்.

கூட்டு மருந்து வருவதற்கு முன் இந்த நோய் வந்தவர்கள் பெரும்பாலும் சில மாதங்களில் போய்விடுவார்கள். 2004 ஏப்ரலில் அரசு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்த பிறகு நிலைமை மாறியது. இப்போது ஏறக்குறைய பாதிப் பேர் ஒரு வருஷத்தைத் தாண்டுகிறார்கள். தாண்டியவர்களில் பலருக்குக் கையோ பேச்சோ கொஞ்சம் குறையாகவே நின்றுவிடும். இதை மறைத்துப் பயனில்லை.

எச்.ஐ.வி. உள்ளவருக்கு நரம்பில் வரும் எல்லா வைரஸும் மருந்தில்லாதது அல்ல. அக்கியும் ஒரு வைரஸ்தான். சின்ன வயதில் வந்த சின்னம்மை நரம்பு முடிச்சில் பதுங்கி, எதிர்ப்புச் சக்தி குறையும்போது நரம்பு வழியே வெளியே வருகிறது. ஜே.சி. வேறு, இது வேறு, இரண்டையும் எழுப்பிவிட்டது ஒரே குறைவு. இள வயதில் அக்கி வந்தால் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கச் சொல்வது அதனால்தான். படிக்கிறவர்கள் இதை ஊரில் சொல்லுங்கள். காவி எழுதினால் எரிச்சல் தணிந்த மாதிரி இருக்கும், வைரஸுக்கு அசைக்ளோவிர் என்ற மருந்து வேண்டும். அதுவும் நெற்றியிலோ கண்ணோரத்திலோ வந்தால் அன்றைக்கே போக வேண்டும், பார்வை போகும், பின்னால் மூளை ரத்தக்குழாயைத் தாக்கிப் பக்கவாதமும் வரலாம். காய்ச்சலோடு திடீரென்று நடத்தை மாறி வலிப்பு வந்தால் ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம், அதற்கும் அசைக்ளோவிர்தான், ரத்தக்குழாயில் போடும் ஊசியாக. சிடி4 50க்குக் கீழே போனவர்களை சைட்டோமெகலோ வைரஸ் பிடிக்கும். கண்ணில் பூச்சி பறக்கிற மாதிரி தெரிந்தாலோ, இரண்டு காலும் துவண்டு சிறுநீர் அடைத்தாலோ அதை நினைக்க வேண்டும். அதற்கு கான்சைக்ளோவிர் என்ற மருந்து இருக்கிறது, ஆனால் சீக்கிரம் போனால்தான் பலன்.

அப்புறம், பி.எம்.எல்.லில் வலிப்பு வரலாம். வந்து அவசரத்தில் வேறு ஆஸ்பத்திரிக்கு ஓடினால் டி.எல்.டி. சாப்பிடுவதை மறக்காமல் சொல்லுங்கள். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டோயின், கார்பமசெபின் இரண்டும் டி.எல்.டி.யில் உள்ள டோலுடெக்ராவிரின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். லெவெடிரசெடாம் என்றால் அந்தத் தொல்லை இல்லை. சத்துக்கு என்று அம்மா கால்சியம், இரும்பு மாத்திரை கொடுத்தால், அதற்கு இரண்டு மணி நேரம் முன்னாலோ ஆறு மணி நேரம் கழித்தோ டி.எல்.டி. கொடுக்கச் சொல்லுங்கள்.

கேத்திக்காரன் பதில்:

அக்கா, நர்ஸ் அம்மா, இரண்டு பேருக்கும் நன்றி. நேற்று முதல் பஸ்ஸிலேயே கிளம்பிக் கூட்டிப் போனோம். ஸ்கேனில் திட்டைச் சுற்றி வீக்கம் இருக்கிறதாம். படுக்கையில் சேர்த்து ஸ்டீராய்டு ஊசி ஆரம்பித்திருக்கிறார்கள், டி.எல்.டி.யும் தொடர்கிறது. கால்சியம் மாத்திரை கொடுத்துக்கொண்டுதான் இருந்தோம், டி.எல்.டி.யோடு சேர்த்து, வெறும் வயிற்றில். இன்றிலிருந்து மாற்றிவிட்டோம். சாப்பாட்டை வலது பக்கம் வைத்ததும் தட்டு காலியாகிறது.

அண்ணன் வண்டிச் சாவியைக் கேட்கிறார். மண்டிக்காரர் காத்திருப்பார் என்கிறார். என்ன சொல்ல?

கோத்தகிரி அக்கா பதில்:

சாவியை அண்ணியிடம் கொடுத்துவிடு. ஒரு பக்கம் கண் தெரியாதவர் கொண்டை ஊசி வளைவில் வண்டி ஓட்டக்கூடாது, அதை டாக்டர் வாயாலேயே அவரிடம் சொல்ல வை, நீ சொன்னால் சண்டைதான் வரும். லோடுக்கு ஆள் வை. கணக்கு எழுதுகிற வேலையை அண்ணனிடமே விடு, வலது கை நன்றாகத்தானே இருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆகும்போது பிசியோதெரபி எங்கே என்று கேட்டு எழுதி வாங்கு. கேட்டால்தான் சொல்வார்கள்.