மறு: சவுண்ட் போஸ்ட் – ஒலித்தூணா, உயிர்க்குச்சியா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நம் வயலின் பழுதுபார்க்கும் கையேட்டுக்கான உறுப்புகளின் கலைச்சொல் பட்டியல் பெரும்பாலும் சிக்கலின்றி முடிந்துவிட்டது. குதிரையும் (தந்திகளைத் தாங்கும் கட்டை) பிருடையும் (தந்தியை முறுக்கும் ஆணி) வீணையிலிருந்து ஆயத்தமாகக் கிடைத்தன. மேற்பலகை, அடிப்பலகை, விரற்பலகை, கழுத்து, சுருள் ஆகியவற்றுக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. தோலைக் காய்ச்சி எடுக்கும் பசைக்கு நம் தச்சர்களின் 'வச்சிரம்' இருக்கும்போது 'விலங்குப்பசை' எதற்கு என்று குழுமத்து அம்மா ஒருவர் கேட்டது மிகச் சரி. மேற்பலகையின் உட்புறத்தில், மந்தரத் தந்தியின் (தாழ்ந்த ஒலி தரும் தந்தியின்) பக்கம் நீளவாக்கில் ஒட்டும் கட்டைக்கு 'மந்தரச் சட்டம்' நன்றாகப் பொருந்துகிறது. மிஞ்சியவற்றில் முதன்மையானது, வயலினுக்குள் நிற்கும் சிறு குச்சியான சவுண்ட் போஸ்ட். அதற்கு இருவர் முன்வைத்த பெயர்களுக்கு என் மறுமொழி இது.

> 'ஒலித்தூண்' என்பதே நேரடியானது. போஸ்ட் என்றால் தூண்தானே?

ஐயா, இதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த உறுப்பு செய்யும் வேலையை முதலில் பார்த்துவிடுவோம். சுமார் 6 மி.மீ. குறுக்களவுள்ள உருண்டையான ஸ்புரூஸ் (ஓர் ஊசியிலை மரம்) குச்சி அது. மேற்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே, பசையோ ஆணியோ இல்லாமல், இரண்டு பலகைகளின் பிடியில் மட்டுமே நிற்கிறது. நிற்கும் இடம் குதிரையின் உச்சத் தந்திப் பக்கத்துக் காலுக்கு நேர் கீழே அல்ல. அதற்குச் சற்றுப் பின்னால்.

வில் தந்தியைப் பக்கவாட்டில் அசைக்கிறது. பலகை மேலும் கீழும் அசைந்தால்தான் போதிய காற்று அசையும், ஒலி பிறக்கும். குதிரையின் ஒரு காலை இந்தக் குச்சி ஏறக்குறைய அசையவிடாமல் பிடித்துக்கொள்வதால், குதிரை அந்தக் காலை ஊன்றி ஆடுகிறது. மறுகால் மந்தரச் சட்டத்தோடு சேர்த்து மேற்பலகையை அழுத்துகிறது, விடுகிறது. இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருந்தால் ஒரு பக்கம் எழுவதை மறுபக்கம் தாழ்வது பெருமளவு அழித்துவிடும். அந்தச் சமநிலையைக் குலைப்பதுதான் குச்சியின் முதன்மையான வேலை. கீழ் ஸ்தாயிக்கு (தாழ்ந்த சுரங்களுக்கு) உடல் கொடுப்பதே இந்த ஏற்பாடுதான்.

பாரத்தையும் தாங்குகிறது என்பதை மறுக்கவில்லை. குச்சி விழுந்த வயலினில் தந்திகளை முறுக்கியே வைத்திருந்தால் குதிரைக்குக் கீழே மேற்பலகை அமுங்கத் தொடங்கும். ஆனால் பாரம் தாங்குவது மட்டுமே வேலை என்றால், அரை மில்லிமீட்டர் நகர்த்தியதும் வாத்தியத்தின் குணமே மாறுவானேன்? 'தூண்' என்று படிக்கும் மாணவர் அதை நட்டு வைத்தால் முடிந்தது என்று நினைத்துக்கொள்வார். பழுதுபார்க்கும் கையேட்டில் அந்த எண்ணம் இடம்பெறவே கூடாது.

> இத்தாலியர் அனிமா என்கிறார்கள், பிரெஞ்சுக்காரர் 'ஆம்' (âme) என்கிறார்கள். இரண்டும் ஆன்மாவைக் குறிப்பவை. 'உயிர்க்குச்சி' என்றே வைக்கலாமே?

மனத்தை இழுக்கிற சொல். வயலின் செய்த கைவினைஞர்கள் ஆந்திரேயா அமாத்தியும் ஸ்ட்ராடிவாரியும் வேலை செய்த இத்தாலியக் கிரெமோனா நகரின் மொழியிலிருந்து வருவதால் இழுப்பு இன்னும் கூடுகிறது. இருந்தாலும் இரண்டு இடங்களில் இடறுகிறது. அறிவியல் தமிழில் 'உயிர்' முன்னொட்டு உயிரியலுக்குப் போய்விட்டது: உயிரணு, உயிர்வேதியியல், உயிர்த்தொழில்நுட்பம். அகரவரிசையில் இவற்றுக்கிடையே உயிர்க்குச்சியைப் பார்ப்பவர் வயலினை நினைக்கமாட்டார். எனக்குப் பெரிதாகப் படுவது இரண்டாவது தடை. இந்தக் குச்சி மாற்றப்படும் பொருள். ஸ்ட்ராடிவாரி 1737இல் இறந்தார். இன்று மேடையில் ஒலிக்கும் அவருடைய வயலின்களில் அநேகமாக எல்லாவற்றிலும் கழுத்தையும் மந்தரச் சட்டத்தையும்கூடப் பிற்காலத்தவர் மாற்றியிருக்கிறார்கள். பழைய சுருளைப் புதிய கழுத்தில் ஒட்டுப்போட்டுப் பொருத்தியிருக்கிறார்கள். குச்சியோ எத்தனையோ கைகள் வெட்டி நிறுத்தியது. 'பழைய உயிர்க்குச்சியை எடுத்துவிட்டுப் புதியது வெட்டுக' என்று ஒரு செய்முறை வரியை எழுதிப் பாருங்கள், எனக்குக் கை வரவில்லை.

என் பரிந்துரை 'நாதக்குச்சி'.

கச்சேரி வித்வான் பட்டறைக்கு வந்தால் என்ன சொல்கிறார்? 'நாதம் அடைத்துக்கொண்டு வருகிறது', 'மேல் தந்தியில் நாதம் கூர்மையாக இருக்கிறது' என்றுதான் தொடங்குகிறார். பழுதுபார்ப்பவர் தந்திகளைச் சற்றே தளர்த்திவிட்டு, இரு முனையும் எதிரெதிராக வளைந்த இரும்புக் கம்பியை மேற்பலகையில் உள்ள எஃப் (f) வடிவத் துளை வழியாக உள்ளே விடுகிறார். குச்சியின் மேல்முனையையோ கீழ்முனையையோ தொட்டு நகர்த்துகிறார், மறுபடி சுருதி சேர்த்து வாசிக்கச் சொல்கிறார். வித்வானின் புகாரில் உள்ள சொல்லும் கருவியில் தொடும் உறுப்பின் பெயரும் ஒன்றாகவே இருக்கட்டும் என்கிறேன். ஜெர்மானியரும் இதைக் 'குரல்' என்ற பொருள் வரும்படி ஷ்டிம்ஷ்டாக் என்கிறார்கள். நாம் 'குரற்குச்சி' எனலாம்தான். ஆனால் தமிழிசையில் குரல் ஏழிசையில் முதலாவதன் பெயர். குழப்பத்தை நாமே வரவழைப்பானேன்?

'நாதம்' வடசொல் என்ற மறுப்பு வரும் என்று தெரியும். நாதசுரத்தை ஏற்றுக்கொண்ட செவிக்கு இது அந்நியமில்லை. பழந்தமிழில் தேடினாலும் கிடைக்காது. சிலப்பதிகாரத்தின் கானல்வரி பத்தர், கோடு, ஆணி, நரம்பு என்று யாழின் உறுப்புகளைச் சொல்கிறது. யாழுக்குத் தோல் போர்த்தினார்கள். வீணையின் குடத்துக்குள்ளும் இப்படி ஒரு குச்சி கிடையாது.

இந்தச் சொல்லிலிருந்து மற்றவையும் எளிதாகக் கிளைக்கின்றன. அந்த வளைந்த கம்பி 'நாதக்குச்சி நிறுத்தி'. குச்சி ஊன்றும் இடத்தில் பலகை வெடித்தால் 'நாதக்குச்சி விரிசல்'. அடிப்பலகையில் இது வந்தால் வயலினின் மதிப்பே சரிந்துவிடும் என்பதால், கையேட்டில் இதற்குத் தனி இயல் வேண்டும். விரிசலுக்கு உட்புறம் புதைக்கும் மரத்துண்டு 'நாதக்குச்சி ஒட்டு'.

பதிவை இப்படி எழுதியிருக்கிறேன். திருத்துங்கள்:

நாதக்குச்சி: வயலின் குடும்பக் கருவிகளில் மேற்பலகைக்கும் அடிப்பலகைக்கும் இடையே பசையின்றி நிற்கும் ஸ்புரூஸ் குச்சி. பலகைகளின் உட்குழிவுக்கேற்ப இரு முனைகளும் சரித்துச் சீவப்படும். குச்சியின் ஆண்டுவரிகள் மேற்பலகையின் வரிகளுக்குக் குறுக்காக இருக்க வேண்டும். ஒரே திசையில் இருந்தால் குச்சியின் கெட்டியான வரி பலகையின் மென்மரத்தில் பதிந்து பள்ளமாக்கும். தந்திகளைத் தளர்த்தினாலும் விழாத அளவுக்கு நீளம், பலகையை நெம்பாத அளவுக்கு இளக்கம். எல்லாத் தந்திகளையும் ஒரே நேரத்தில் கழற்றினால் சாய்ந்துவிடக்கூடும், ஒவ்வொன்றாக மாற்றுக.

கடைசி வரி பதிவில் வேண்டாம், செய்முறைப் பகுதிக்குப் போகட்டும் என்று சிலர் சொல்லலாம். அது இங்கேயே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கலைச்சொல் பட்டியலை மட்டும் புரட்டுகிற மாணவர்தான் நான்கு தந்திகளையும் ஒன்றாகக் கழற்றுவார்.

அடுத்தது, பலகையின் ஓரத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டிப் பதிக்கும் கறுப்பு–வெள்ளை–கறுப்பு இழை. விளிம்பில் தொடங்கும் விரிசல் உள்ளே ஓடாமல் தடுப்பதால் வெறும் 'அலங்காரக்கோடு' போதாது. 'விளிம்பிழை' என்று முன்மொழிகிறேன். மறுப்பிருந்தால் இதே மடல் தொடரில் எழுதாமல் தனித் தலைப்பில் தொடங்குங்கள்.

அன்புடன்.