தேசியக் கொடியில் பச்சைக் கோடு: நமக்குத் தந்த இடமா, ஒதுக்கிய ஓரமா?

கிழக்கூரான்:
இலங்கையின் சுதந்திர தினமான பெப்ரவரி 4 வந்தால் பள்ளிவாசல்களிலும் சிங்கக் கொடி ஏறும். ஏறட்டும். ஆனால் அந்தக் கொடியை ஒருமுறை உற்றுப் பாருங்கள். வாளேந்திய சிங்கத்துக்குச் சிவப்புப் பரப்பு முழுக்க. முஸ்லிம்களுக்கான பச்சையும் தமிழருக்கான செம்மஞ்சளும் கம்பத்தோரமாக, தனிக் கட்டத்தில். சிங்கம் பார்ப்பதும் நம் பக்கம்தான், வாளோடு. கொடியின் வடிவத்தை முடிவுசெய்து 1950இல் அறிக்கை தந்த குழுவில் இருந்த தமிழ் செனட்டர் நடேசன் இந்த வடிவத்தை ஏற்கவில்லை. நம்மவர்கள் மட்டும் ஏன் தலையாட்டினார்கள்?

மருதானை நானா:
தம்பி, பாதிக் கதைதான் சொல்கிறீர்கள். கண்டி மன்னனின் சிங்கக் கொடியே சுதந்திர நாட்டின் கொடியாக வேண்டும் என்று 1948 ஜனவரியில் பாராளுமன்றத்தில் பிரேரணை கொண்டுவந்தவர் யார்? மட்டக்களப்பின் முஸ்லிம் எம்.பி. முதலியார் சின்னலெப்பை. உங்கள் பக்கத்து ஆள்! அப்போது அதில் பச்சையும் இல்லை, செம்மஞ்சளும் இல்லை. பண்டாரநாயக்க தலைமையிலான குழுவில் முஸ்லிம் தலைவர் டி. பி. ஜாயாவும் தமிழ்த் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலமும் உட்கார்ந்த பிறகுதான் கோடுகள் வந்தன. 1951 மார்ச்சில் பாராளுமன்றம் ஏற்றுக்கொண்டது. மஞ்சள் கரை கோடுகளையும் சேர்த்தே சுற்றி ஓடுகிறது. கம்பத்தை ஒட்டி இருப்பது பச்சை. காற்றில் முதலில் கிழிவது மறுமுனைதான்.

கிழக்கூரான்:
சுற்றி ஓடுகிறது, சரி. கோடுகளுக்கும் சிங்கத்துக்கும் நடுவிலும் ஒரு மஞ்சள் கரை ஓடுகிறதே, அதை ஏன் நைசாக விட்டுவிட்டீர்கள்? ஜாயா பெரிய மனிதர், கொழும்பு ஸாஹிராக் கல்லூரியை வளர்த்தவர். அதற்காக அவர் ஒப்புக்கொண்டதை எழுபது வருஷம் கழித்தும் கேள்வி கேட்கக் கூடாதா?

மருதானை நானா:
கேளுங்கள். ஆனால் 2015 ஏப்ரலில் கொழும்பில் இலஞ்ச ஆணைக்குழு முன்னால் ஆர்ப்பாட்டம் செய்த ராஜபக்ச ஆதரவாளர்கள் கோடில்லாத சிங்கக் கொடி பிடித்து நின்றதை மறக்க வேண்டாம். கோடு அவர்களுக்கும் உறுத்துகிறது, உங்களுக்கும் உறுத்துகிறது. வெட்டு விழுந்தால் லாபம் யாருக்கு?

பேருவளை வாசகி:
கோடு இருந்தபோதே முஸ்லிம்களுக்கு எதிரான கலவரங்களில் 2014 ஜூனில் அளுத்கமை எரிந்தது, 2018 மார்ச்சில் திகன எரிந்தது. அந்தத் துணி யாரைக் காப்பாற்றியது? ஹலால் இலச்சினையைப் பற்றிப் பேசுங்கள். பிஸ்கட் பக்கற்றைத் திருப்பி அந்தச் சின்ன முத்திரையைத் தேடிவிட்டுத்தான் உம்மா கூடையில் போடுவார். பௌத்த பிக்குகளின் தீவிர அமைப்பான பொது பல சேனா கிளப்பிய கூச்சலில் 2013 மார்ச்சில் ஹலால் சான்று வழங்கிவந்த உலமா சபை அதை உள்ளூர்ச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ள ஒத்துக்கொண்டது. 1905இல் நம்மவர்கள் இப்படியா நடந்தார்கள்? துருக்கித் தொப்பியைக் கழற்றாமல் வாதாடக் கூடாது என்று பிரதம நீதியரசர் லேயார்ட் சொன்னதும் வழக்கறிஞர் அப்துல் காதர் வெளியேறிவிட்டார். வருஷக் கடைசி நாளில் மருதானையில் பெருங்கூட்டம். கடைசியில் தொப்பியோடு வாதாடும் உரிமை கிடைத்தது.

கிழக்கூரான்:
1883இல் எகிப்தியத் தலைவர் ஒராபி பாஷா நாடுகடத்தப்பட்டு இங்கே வந்த பிறகு அந்தத் தொப்பிக்குப் பிடித்த மவுசு அது. 1925இல் துருக்கியே அந்தத் தொப்பியைத் தடைசெய்துவிட்டது!

பேருவளை வாசகி:
இருக்கட்டுமே. அங்கே தடைசெய்ததால் இங்கே போராடியது பொய்யாகிவிடுமா?

கல்முனைக்குடியான்:
கொடி என்றால் எங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றம். நாகூர் ஆண்டகை பேரில் வருஷா வருஷம் ஏறுகிறது, எந்தக் குழுவின் அறிக்கையும் இல்லாமல். கந்தூரிச் சோறும் உண்டு.

ஏகத்துவவாதி:
மார்க்கத்தில் இல்லாத கொடியை இங்கே இழுக்காதீர்கள்.

கல்முனைக்குடியான்:
சோறு மட்டும் சாப்பிட்டுப் போங்கள்.

மருதானை நானா:
அந்தச் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கூரான் தம்பி, இந்தக் கோடு வேண்டாம் என்றால் எந்தக் கொடி வேண்டும்?

கிழக்கூரான்:
ஆளுக்கொரு நிறம் பிரித்துக் கொடுக்காத கொடி. சிங்கமும் வேண்டாம், பிறையும் வேண்டாம். 1972இல் நான்கு மூலையிலும் பௌத்தச் சின்னமான அரச இலை வைக்க முடிந்ததே. மாற்ற முடியாத கொடியா இது?

மருதானை நானா:
அந்த மாற்றம் யார் பக்கம் சாய்ந்தது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். கொடியை மறுபடி மேசைக்குக் கொண்டுவந்தால் நீங்கள் கேட்கும் கொடி வராது தம்பி, 1948இல் ஏறிய கொடிதான் திரும்பி வரும்.