கன்றுத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலந்தால் பெருவயிற்று நுண்ணுயிரிகள் என்ன ஆகும்?

கேள்வி:
வணக்கம். என் கன்றுகளுக்கு வயது பத்து நாள். கழிச்சல் வராமலிருக்கக் குளோர்டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் கலந்த தீவனம் வைக்கும்படி சொல்கிறார்கள். மாட்டின் முதல் வயிறான பெருவயிற்றில் நுண்ணுயிரிகள் குடியேறிவரும் இந்த வயதில் அது கேடாகாதா? மடிநோய்க்கு மருந்து ஏற்றிய பசுவின் பாலை ஊட்டுவதும் இதைப் போன்றதுதானா?

பதில் 1:
மருந்து எதனுடன் உள்ளே போகிறது என்பதை முதலில் பாருங்கள். கன்று பாலை உறிஞ்சும்போது உணவுக்குழாயின் அடியிலுள்ள பள்ளம் குழாய்போல் மூடிக்கொள்வதால், பால் பெருவயிற்றில் இறங்காமல் நேராக நான்காம் வயிற்றை அடைகிறது. ஆகவே பாலில் உள்ள மருந்து முதலில் தாக்குவது குடல் நுண்ணுயிரிகளையே. உலர் தீவனமோ பெருவயிற்றில் விழுந்து அங்கேயே நொதிக்கிறது. அந்த நொதிப்பில் உண்டாகும் பியூட்டிரிக் அமிலம்தான் பெருவயிற்றின் உட்சுவரில் விரல் போன்ற நீட்சிகளை வளர்க்கிறது. மருந்தால் பெருவயிறு வெறுமையாகிவிடுவதில்லை. தாங்கும் இனங்கள் பெருக, தாங்காதவை ஒடுங்குகின்றன. எனக்குக் கவலை தருவது அந்தத் தாங்கும் திறன்தான், ஏனெனில் அதற்குரிய மரபணுக்கள் ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடியவை.

பதில் 2:
தீவனத்தில் கலக்கும் இன்னொரு மருந்தான மொனென்சினை இதனுடன் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மனித மருத்துவத்தில் பயன்படாத அது கன்றுகளின் ரத்தக்கழிச்சலைக் கட்டுப்படுத்துகிறது. பெருவயிற்றில் கிராம் பாசிட்டிவ் என்ற வகைப் பாக்டீரியாக்களை அடக்கி, புரோப்பியோனிக் அமிலத்தின் பங்கைக் கூட்டுகிறது. நார்ச்சத்தைச் செரிக்கும் ருமினோகாக்கஸ் என்ற பாக்டீரியாவும் அந்த அடக்கத்துக்கு உள்ளாகும். குதிரைக்கு அது உயிர்க்கொல்லி என்பதால், தீவனத் தொட்டியைத் தனியே வையுங்கள்.

பதில் 3:
பத்து நாள் கன்றின் கழிச்சலுக்கு ரோட்டா வைரஸ், கொரோனா வைரஸ், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி ஆகியவை பெரும்பாலும் காரணமாகின்றன. இவற்றுள் எதையும் குளோர்டெட்ராசைக்ளின் தீர்க்காது. முதல் சில மணி நேரத்துக்குள் போதிய சீம்பால் ஊட்டுவதும், கழிச்சல் கண்டால் உப்புச்சத்து நீர் கொடுப்பதும்தான் கன்றைக் காக்கும். வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-இலேயே முற்றாகத் தடை செய்துவிட்டது. மருந்து ஏற்றிய பசுவின் பாலைக் காய்ச்சினால் கிருமிகள் சாகலாம், ஆனால் மருந்தின் எச்சம் பெரும்பாலும் அப்படியே நிற்கும். அந்தப் பால் குடித்த கன்றின் சாணத்தில் மருந்துக்கு அடங்காத ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா கூடுதலாகக் காணப்படுகிறது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. மடிநோய்ப் பாலை இன்றே நிறுத்திவிட்டேன். தீவனத்தில் மருந்து கலக்கப்போவதில்லை. கழிச்சல் கண்ட கன்றை மட்டும் தனியே கட்டி, கால்நடை மருத்துவரிடம் காட்டுகிறேன்.