செர்மாட்டில் 5 நாள்: ஸ்கீ செய்யாத அப்பா அம்மாவை எங்கே கூட்டிப் போகலாம்?

முத்துநகரான் எழுதியது:

வணக்கம். சொந்த ஊர் தூத்துக்குடி, வேலை லோசானில். பிப்ரவரியில் அப்பா அம்மா முதல்முறையாக சுவிஸ் வருகிறார்கள். நண்பர்கள் சேர்ந்து செர்மாட்டில் ஒரு வீடு எடுத்திருக்கிறோம். புதன் மாலை போய்ச் சேர்ந்து திங்கள் காலை கிளம்புவதாகத் திட்டம். அன்று இரவே ஜெனீவாவில் இருந்து அவர்களுக்கு விமானம்.

மற்றவர்கள் எல்லாம் நன்றாக ஸ்கீ செய்வார்கள். நான் வியாழன், வெள்ளி மதியத்துக்குப் பிறகு கற்றுக்கொள்ளும் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். மீதி நேரம் முழுக்க பெற்றோருடன்தான். அப்பாவுக்கு 71, உப்பளத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். அம்மாவுக்கு 66, மூட்டு வலி. பனியைப் பார்த்ததே இல்லை. எங்கே போனாலும் புடவைதான் என்று இப்போதே சொல்லிவிட்டார். மாட்டிறைச்சி சாப்பிட மாட்டார்.

செர்மாட்டில் இருந்து காலையில் போய் இரவுக்குள் திரும்புகிற மாதிரி இடங்கள் வேண்டும். நான் யோசித்தவை: யுங்ஃப்ராவ்யோக், கிளேசியர் எக்ஸ்பிரஸில் செயின்ட் மோரிட்ஸ், லோய்க்கர்பாட் வெந்நீர்க் குளம். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ரைன்கரை:

மோந்த்ரோ போங்கள் ப்ரோ. ஏரிக்கரையில் ஷியோன் கோட்டை, நடக்க சமதரை. பெரியவர்களுக்கு சூப்பர்.

உருளைக்கிழங்கு அண்ணை:

ரைன்கரை தம்பி, கேட்டவர் இருப்பதே லோசானில். அவர் வீட்டில் இருந்து மோந்த்ரோ அரை மணிநேரம்கூட இல்லை. அதைப் பார்க்க செர்மாட் வரைக்கும் ஏறி, பிறகு இறங்கி வர வேண்டுமா!

முத்துநகரான், நான் 2001 முதல் 18 குளிர்காலம் செர்மாட்டில் ஹோட்டல் சமையற்கட்டில் நின்றவன். இப்போது விஸ்ப்பில் இருக்கிறேன். ரோஸ்டிக்கு, அதுதான் துருவிப் பொரிக்கிற உருளைக்கிழங்கு, துருவியே தேய்ந்த கை இது. ஸ்கீ இன்றுவரை தெரியாது. ஆகவே ஸ்கீ தெரியாதவன் அந்த ஊரில் லீவு நாளை எப்படிக் கழிப்பது என்று கேட்டால், அதில் எனக்கு நல்ல சர்வீஸ் உண்டு.

முதலில் உங்கள் பட்டியலில் கை வைக்கிறேன், கோவிக்க வேண்டாம். செர்மாட் ஒரு முட்டுச்சந்தின் கடைசி வீடு. அதற்கு அப்பால் மலைதான். எங்கே போவதென்றாலும் ரயிலில் விஸ்ப் வரை இறங்க வேண்டும், அதற்கு 1 மணி 10 நிமிடம். திரும்பி ஏறவும் அவ்வளவு. ஒரு நாளில் இரண்டு மணி இருபது நிமிடம் இப்படியே போய்விடும். அதன் மேல் என்ன சேர்க்கலாம் என்றுதான் கணக்குப் பார்க்க வேண்டும்.

யுங்ஃப்ராவ்யோக்குக்கு ஒரு வழிக்கே மூன்றரை மணிநேரத்துக்குக் குறையாது. போய் நிற்கிற உயரம் 3,454 மீட்டர். பிரஷர் உள்ளவரை ஏழு மணிநேரம் ரயிலில் உட்கார வைத்து அங்கே கொண்டுபோய் நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. கிளேசியர் எக்ஸ்பிரஸ் செயின்ட் மோரிட்ஸ் போகவே 8 மணிநேரம் எடுக்கும், அதே நாளில் திரும்ப முடியாது. அந்த ஆசை இருந்தால் அதே தண்டவாளத்தில் ஓடுகிற சாதாரண ரயிலில் அண்டர்மாட் வரை போய்த் திரும்புங்கள். முன்பதிவு தேவையில்லை. ஆனால் அதுவும் ஒரு வழிக்கு மூன்று மணிநேரம்.

லோய்க்கர்பாட் நல்ல இடம்தான். ஊற்றில் தண்ணீர் 51 பாகை செல்சியஸில் வருகிறது, சுற்றிவரப் பனி, நடுவில் ஆவி பறக்கிற குளம். மூட்டுக்கு அதைவிட சுகம் இல்லை. ஆனால் புடவையோடு இறங்க விட மாட்டார்கள் தம்பி. அம்மாவிடம் நீச்சல் உடை பற்றிக் கதைத்துவிட்டு முடிவு எடுங்கள். என் அம்மாவிடம் நான் கேட்கவே துணியவில்லை.

என் முடிவு இதுதான்: சனி, ஞாயிறு இரண்டில் ஒரு நாள் மட்டும் வெளியே போங்கள். அந்த ஒரு நாளுக்கு பெட்மெர்ஆல்ப்.

செர்மாட்டில் இருந்து பிரிக் வரை வந்து, ஸ்டேஷனுக்கு வெளியே முற்றத்தில் நிற்கிற சிவப்பு ரயிலில் ஏறினால், இருபது நிமிடம் சொச்சத்தில் பெட்டன் தால்ஸ்டட்ஸியோன். இறங்குகிற இடத்திலேயே கேபிள் கார். மேலே ஊருக்கு கார் போக ரோடு கிடையாது, ஊர் ஆட்களுக்கு அந்தக் கேபிள் கார்தான் பஸ். ஆகவே சுவிஸ் டிராவல் பாஸ் வைத்திருந்தால் அதுவே செல்லும். பால் பெட்டி, தபால் மூட்டை, பள்ளிப் பிள்ளைகள், எல்லாரும் உங்களோடு ஏறுவார்கள்.

மேலே 1,950 மீட்டர். குளிர்காலத்தில் தெரு முழுக்க மிதித்து இறுகிய பனி. கடைக்குப் போகிறவர்கள் மரச் சறுக்குவண்டியைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு போவார்கள். அதில் ஒரு பக்கம் பிள்ளை, ஒரு பக்கம் மாமூட்டை. 2009இல் என் அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தபோது அப்படி ஒன்றை வாடகைக்கு எடுத்து, அவவை உட்கார வைத்து ஊர் முழுக்க இழுத்தேன். முதலில் வெட்கப்பட்டா. பிறகு 'அந்தப் பக்கம் திருப்படா' என்று வழி சொல்லத் தொடங்கிவிட்டா.

சீலை பற்றி ஒரு விஷயம். அம்மா இரண்டு சோடி காலுறையும் கம்பளிக் காற்சட்டையும் போட்டு, அதன் மேல் சீலை உடுத்திருந்தா. குளிர் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் சீலைக்கரை பனியில் நனைந்து, அப்படியே உறைந்து, தகரம் மாதிரி விறைத்துவிட்டது. நடக்கும்போது கணுக்காலில் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டது. பின்னேரம் ரயிலில் வெப்பம் பட்டு உருகி, சீட்டுக்குக் கீழே ஒரு குளம். கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டி ஊசி குத்திவிடுங்கள். அப்புறம், சப்பாத்துக்கு அடியில் மாட்டுகிற இரும்பு முள் கடைகளில் கிடைக்கும். அது இல்லாமல் மூட்டு வலிக்காரரை வெளியே இறக்காதீர்கள்.

வெயில் இருந்தால் அங்கிருந்து இன்னொரு வண்டியில் பெட்மெர்ஹார்ன், 2,647 மீட்டர். ஆல்ப்ஸ் மலைகளிலேயே நீளமான அலெட்ச் பனியாறு காலடியில் கிடக்கும். உண்மையைச் சொன்னால், பிப்ரவரியில் அது பனி மூடி ஒரு அகன்ற வெள்ளைச் சாலை போலத்தான் தெரியும். நடுவில் ஓடுகிற கரிய கோடுகளைப் பார்க்க ஆகஸ்டில்தான் வர வேண்டும். ஊரில் பழைய சிற்றாலயம் ஒன்றும் உண்டு, 1679இல் கட்டியது. சிறிய மேட்டில் வெள்ளையாகத் தனியே நிற்கும். 'மரியா சும் ஷ்னே' என்று பெயர்.

வியாழன் அல்லது வெள்ளி காலை கோர்னர்கிராட் போய்விடுங்கள். 1898இல் இருந்து ஓடுகிற பல்சக்கர ரயில், ஏறும்போது வலது பக்கம் உட்காருங்கள், மாட்டர்ஹார்ன் சிகரம் அந்தப் பக்கம்தான். உச்சி 3,089 மீட்டர் என்பதால் அப்பாவின் டாக்டரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேளுங்கள். மேலே ஒரு மணிநேரத்துக்கு மேல் நிற்காமல், ரிஃபெல்பெர்க் இறங்கி சூப் குடியுங்கள். 3,883 மீட்டர் வரை போகிற கேபிள் கார் பக்கம் அவர்களைக் கூட்டிப் போக வேண்டாம்.

சாப்பாட்டில், மெனுவில் 'ட்ரோக்கன்ஃப்ளைஷ்' என்று இருந்தால் மாட்டிறைச்சி வற்றல். 'ஷ்பெக்' என்றால் பன்றி. ரோஸ்டி மேல் முட்டையும் சீஸும் என்று கேட்டால் பிரச்சினை இல்லை.

பிரிக் அக்கா:

அண்ணை சொன்னதெல்லாம் சரி. ஆனால் சனிக்கிழமையை ஏன் வீணாக்க வேண்டும்? டோமோடோசோலாவில் சனிக்கிழமை சந்தை. பிரிக்கில் இருந்து சிம்ப்ளோன் சுரங்கம் வழியாக அரை மணிநேரம், இத்தாலி. 1906இல் திறந்த சுரங்கம், 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இந்தப் பக்கம் பனியில் ஏறினால் அந்தப் பக்கம் பல நாள் வெயிலில் இறங்கலாம். சந்தை பழைய ஊரின் தூண் வைத்த திண்ணைகளுக்கு நடுவில் விரியும். சீஸ், துணி, சப்பாத்து, சட்டி பானை எல்லாம் உண்டு. எல்லாம் சமதரை. காப்பி இங்கே கொடுக்கிற காசில் பாதிகூட வராது. கணக்குப் பார்த்த அப்பாவுக்கு நிச்சயம் பிடிக்கும்.

பாஸ்போர்ட்டை மட்டும் மறக்காதீர்கள். எங்கள் வீட்டுக்காரர் ஒரு தடவை பெர்மிட்டை வேறு ஜாக்கெட்டில் வைத்துவிட்டு வந்தார். திரும்பும்போது ரயிலில் சோதனை. பிரிக்கில் இறங்கிய பிறகும் அரை மணிநேரம் நின்று விளக்கம் சொன்னார். நான் மூன்று கிலோ சீஸோடு பக்கத்தில் நின்றேன்.

முத்துநகரான்:

அண்ணா, அக்கா, மிக்க நன்றி. 'மரியா சும் ஷ்னே' என்றால் பனிமாதா தானே? எங்கள் ஊர்ப் பேராலயமே பனிமய மாதா கோயில்தான். ஆகஸ்ட் 5 திருவிழாவுக்கு அம்மா ஒரு வருஷமும் தவறியதில்லை. சின்ன வயதில் 'பனியே விழாத ஊரில் ஏன் பனிமாதா' என்று கேட்டு அடி வாங்கியிருக்கிறேன். இனி வேறு யோசனையே இல்லை, பெட்மெர்ஆல்ப்தான்.

உருளைக்கிழங்கு அண்ணை:

அட, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! செர்மாட்டிலேயே ஷ்வார்ட்ஸே ஏரிக்கரையில் இதே பெயரில் இன்னொரு சிற்றாலயம் இருக்கிறது. பனிமூட்டத்தில் வழி தவறிய இரண்டு பேர் மாதாவிடம் வேண்டிக்கொண்டு, பிழைத்து வந்து கட்டியதாகக் கதை. ஆனால் கேபிள் கார் நிற்கிற இடமே 2,583 மீட்டர், அங்கிருந்து இறங்கிப் பனி மூடிய சரிவில் நடக்க வேண்டும். அம்மாவை அங்கே கோடையில் கூட்டிப் போங்கள்.

அப்பா உப்பளத்து ஆள் என்பதையும் நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன். பெக்ஸில் உப்புச் சுரங்கம் இருக்கிறது, 1684 முதல் தோண்டுகிறார்கள். குட்டி ரயிலில் மலைக்குள்ளே கூட்டிப் போவார்கள், உள்ளே 17 பாகைதான் இருக்கும். ஆனால் அதற்கு செர்மாட் நாட்களைச் செலவழிக்க வேண்டாம், லோசானில் இருந்து ஒரு மணிநேரத்துக்குள்தான். முந்தின வாரமே போய்விடுங்கள். எந்த நாள் திறந்திருக்கும் என்று பார்த்து, பதிவு செய்துகொண்டு போங்கள்.

கடைசியாக ஒன்று. திங்கள் காலை கிளம்பி இரவு விமானம் என்பதை மாற்றுங்கள். 2018 ஜனவரியில் பனிச்சரிவு அபாயத்தால் ரோடும் ரயிலும் மூடி, சுமார் 13,000 சுற்றுலா ஆட்கள் ஊருக்குள்ளேயே அகப்பட்டார்கள். கொஞ்சப் பேரை ஹெலிகொப்டரில் இறக்கினார்கள். நாங்கள் சமையற்கட்டில் கிரீம் எவ்வளவு மிச்சம் என்று எண்ணிக்கொண்டு நின்றோம். அப்படி அடிக்கடி நடக்காது. ஆனாலும் ஞாயிறு பின்னேரமே லோசானுக்கு இறங்கிவிட்டால் அன்றிரவு நித்திரை வரும்.

செர்மாட்டில் இருந்து ரயிலில் இறங்கிப் போகும்போது ராண்டா ஊர் தாண்டி இடது பக்கம் ஜன்னலால் பாருங்கள். 1991இல் மலை இரண்டு தடவையாக உடைந்து, சுமார் 3 கோடி கன மீட்டர் பாறை விழுந்த இடம். தண்டவாளமே புதைந்து போனது. ஆள் ஒருவரும் சாகவில்லை.

முத்துநகரான்:

போய் வந்தாயிற்று. அப்பா அம்மா பத்திரமாக ஊர் சேர்ந்துவிட்டார்கள்.

பெக்ஸ் முந்தின சனிக்கிழமையே போனோம். அப்பா சுவரைத் தடவி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "நம்ம உப்பு மாதிரி கசப்பு இல்லை" என்றார். உப்புநீரைக் காய்ச்சித்தான் எடுக்கிறார்கள் என்றதும் விறகுச் செலவு எவ்வளவு என்று வழிகாட்டியிடம் கேட்கச் சொன்னார். எனக்கு அதைப் பிரெஞ்சில் சொல்லத் திணறிவிட்டது.

வெள்ளிக்கிழமை காற்று அதிகம், கோர்னர்கிராட் வியாழனே போனது நல்லதாயிற்று. அப்பா உச்சியில் இருபது நிமிடம்தான் நின்றார். மதியம் நான் வகுப்பில் விழுந்து எழுந்துகொண்டிருந்தபோது இருவரும் தனியாக ஹின்டர்டோர்ஃப் தெருவில் சுற்றியிருக்கிறார்கள். பழைய தானியக் களஞ்சியங்களின் கால்களுக்கு மேல் தட்டையான வட்டக் கல் வைத்திருக்கிறார்கள் அல்லவா, எலி ஏறாமல் இருக்க? அதைத்தான் அப்பா அதிகமாகப் போட்டோ எடுத்திருக்கிறார். மாட்டர்ஹார்ன் நான்கு படத்தில், கல் பதினொரு படத்தில்.

சனிக்கிழமை பெட்மெர்ஆல்ப். சந்தையை விட்டுவிட்டோம் அக்கா, மன்னிக்கவும். ஆலயம் திறந்திருந்தது. அம்மாவால் முழங்கால் போட முடியாது, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலை முழுவதையும் சொல்லி முடித்தார். நாங்கள் வெளியே காத்திருந்தோம். ஊசி குத்தியும் புடவைக்கரை கொஞ்சம் உறைந்தது அண்ணா, நீங்கள் சொன்ன அதே சத்தம்.

வெளியே ஆள் உயரத்துக்குப் பனியைத் தள்ளிக் குவித்திருந்தார்கள். அப்பா அதைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்து சொன்னார்: "அம்பாரம் போட்டிருக்கான், ஓலை போட்டு மூடாம விட்டுட்டானே."

இரும்பு முள்ளில் ஒன்றை ரயிலில் தொலைத்துவிட்டேன். மீதி ஒன்றரை ஜோடி என்னிடம் இருக்கிறது, லோசான் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்.