ஹை-பாயின்ட் 995 கார்பைன், சி-9 பிஸ்டல்: வார்த்த ஈயக்குண்டு போட்டால் பேரலில் ஈயம் ஒட்டுவது ஏன்?

ஒஹாயோக்காரன்:

வணக்கம். ஹை-பாயின்ட் 995 கார்பைன் (குட்டை ரைஃபிள்), அதே 9 எம்எம்மில் சி-9 பிஸ்டல், இரண்டிலும் வீட்டில் வார்த்த குண்டு சுட ஆரம்பித்திருக்கிறேன். செம்பு ஜாக்கெட் (உறை) குண்டு போட்டால் இரண்டும் ஒழுங்காகச் சுடுகின்றன. எனவே சந்தேகம் துப்பாக்கி மேல் இல்லை, என் குண்டு மேல்தான்.

அச்சு: லீ டிஎல்356-124-2ஆர், ஆறு குழி. ஈயம்: டயர்க் கடையில் வாங்கிய கிளிப் வகை வீல் வெயிட் (சக்கரத்தில் மாட்டும் எடைக்கட்டி), வேறு எதுவும் கலக்கவில்லை. குண்டுக்கு லூப் (வழுக்குப் பூச்சு) லீ லிக்விட் அலாக்ஸ், இரண்டு பூச்சு. குண்டை ஒரே விட்டத்துக்குச் சுருக்கும் சைசிங் டை .356 (விட்டமெல்லாம் அங்குலத்தில்). பிறகு தோட்டா கட்டச் சாதாரண 9 எம்எம் டை செட், கடைசியில் கேஸ் (பித்தளைக் கூடு) வாயை இறுக்கும் லீ ஃபாக்டரி கிரிம்ப் டை. வெடிமருந்துப் பவுடர் அளவு அச்சிட்ட கையேட்டின் தொடக்க அளவு.

நடப்பது: ஒரு மேகசின் முடிவதற்குள் சேம்பருக்கு (தோட்டா உட்காரும் அறை) முன்னால் ரைஃப்ளிங்கில் (குழலின் சுழல் பள்ளம்) ஈயப் பட்டை படிந்துவிடுகிறது. 25 கஜத்தில் அட்டையில் சில துளைகள் நீளவாக்கில் விழுகின்றன, குண்டு பக்கவாட்டில் போய்ப் பட்ட மாதிரி. ஈயம் மென்மையாக இருப்பதுதான் காரணம், தண்ணீரில் போட்டுக் கெட்டிப்படுத்து என்கிறார்கள். அது சரியா? கேட்கும் இன்னொரு விஷயம்: கார்பைனுக்கும் பிஸ்டலுக்கும் ஒரே குண்டு ஓடுமா?

---

ஈயச்சட்டி:

கெட்டிப்படுத்துவதைத் தள்ளி வையுங்கள். கிளிப் வீல் வெயிட் பிரினெல் கடினத்தன்மை அளவில் 12 பக்கம் இருக்கும். 9 எம்எம்முக்கு அது போதும். ஈயம் எங்கே ஒட்டுகிறது என்பதைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். பேரலின் வாய்ப்பக்கம் மட்டும் ஒட்டினால் லூப் பாதி வழியில் தீர்ந்துவிட்டது என்று பொருள். சேம்பரை ஒட்டியே படிந்தால் குண்டு குழலை அடைக்கவில்லை. சூடான வாயு பக்கவாட்டில் புகுந்து ஈயத்தை அரித்துக் குழலில் அப்புகிறது. நீள்துளையும் அதே கதைதான். ரைஃப்ளிங் பிடிக்காத குண்டு சுழலாது, சுழலாத குண்டு கவிழும். இந்த நிலையில் கெட்டியான குண்டு போட்டால் அது விரிந்து குழலை அடைக்கிற வாய்ப்பு இன்னும் குறையும், ஒட்டல் கூடவும் செய்யலாம்.

முதல் வேலை, குழலை அளப்பது. மேகசினைக் கழற்றி, சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துக்கொள்ளுங்கள். தூண்டில் கடையில் கிடைக்கும் மென் ஈயக் குண்டு ஒன்று, குழலைவிடச் சற்றே பெரியது, எடுத்து, குழலுக்குள் எண்ணெய் தடவி, வாய்ப்பக்கமிருந்து தட்டி இறக்குங்கள். கார்பைனில் போல்ட்டைப் பின்னால் நிறுத்திவிட்டு ஒரே நீளப் பித்தளைக் கம்பியால் தள்ள வேண்டும். துண்டு துண்டான மரக்குச்சியால் தள்ளினால் அது சாய்வாக உடைந்து ஆப்பு மாதிரி இறுகிவிடும், பிறகு எடுப்பது பெரும்பாடு. வெளியே வந்த ஈயத்தை மைக்ரோமீட்டரில் அளங்கள். வெர்னியர் காலிபர் ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்தை நம்பிச் சொல்லாது, இங்கே சண்டையே அந்த ஒரு பங்குக்குத்தான்.

தொழில் தரப்படி 9 எம்எம் பள்ள விட்டம் .355. ஆனால் எந்தக் கம்பெனிப் பேரலும் அந்த எண்ணிலேயே நிற்க வேண்டும் என்றில்லை. கிடைத்த அளவோடு ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு கூட்டினால் உங்கள் குண்டு அளவு. .356 வந்தால் .357 அல்லது .358.

இரண்டாவது சந்தேகம், அதிகமாகவே எனக்கு, அந்த ஃபாக்டரி கிரிம்ப் டை மேல். அதன் அடியில் கார்பைட் வளையம் ஒன்று இருக்கிறது. தயாரான தோட்டாவை அது மேலிருந்து கீழ்வரை பிதுக்கும். ஜாக்கெட் குண்டுக்கு ஒன்றும் ஆகாது. ஈயக்குண்டு கேஸுக்குள்ளேயே ஒல்லியாகிவிடும். பித்தளை கொஞ்சம் திரும்பி விரியும், ஈயம் விரியாது. நீங்கள் .356-ல் சைஸ் செய்தது வெளியே வரும்போது .354 ஆகியிருக்கலாம்.

சோதிக்க வழி எளிது. ப்ரைமரும் (பவுடருக்குத் தீ மூட்டும் மூடி) பவுடரும் இல்லாமல் ஒரு தோட்டா கட்டுங்கள். சுத்தியல் வகைப் புல்லரில் குண்டைக் கழற்றி அடிப்பக்கத்தை அளங்கள். கிரிம்ப் டை இல்லாமல் இன்னொன்று கட்டி அதையும் கழற்றிப் பாருங்கள். இரண்டு அளவையும் இங்கே போடுங்கள்.

---

ஒஹாயோக்காரன்:

அளந்துவிட்டேன். பிஸ்டல் .3560, கார்பைன் .3565. கழற்றிய குண்டின் அடி: கிரிம்ப் டை போட்டது .3540, போடாதது .3550. டை இல்லாமலேயே குண்டு ஒல்லியாகிறதே?

---

ஈயச்சட்டி:

எதிர்பார்த்ததுதான். 9 எம்எம் கேஸ் மேலே மெலிதாகவும் கீழே போகப் போகத் தடிமனாகவும் இருக்கும். டை செட்டோடு வரும் எக்ஸ்பாண்டர் (கேஸ் வாயை விரிக்கும் பிளக்) ஜாக்கெட் குண்டுக்கு அளவானது: ஒல்லி, குட்டை. அது விரித்துவிடும் ஆழத்துக்குக் கீழே குண்டின் அடி இறங்கும்போது பித்தளை அதை நசுக்குகிறது. .38 எஸ்&டபிள்யூ தோட்டாவுக்கான எக்ஸ்பாண்டர் பிளக்கைப் பலர் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். லைமன் எம் டை, என்ஓஇ பிளக் இவையும் அதே வேலைக்குத்தான். குண்டு இறங்கும் ஆழம் முழுக்க விரிந்திருக்க வேண்டும், வாயில் மட்டும் மணி மாதிரி விரித்தால் பிரயோஜனமில்லை.

கிரிம்ப் டையைத் தூக்கி அலமாரியில் வையுங்கள். அதற்குப் பதில் சாதாரண டேப்பர் கிரிம்ப், விரித்த வாயை நேராக்கும் அளவுக்கு மட்டும். வாயில் அளந்தால் .378-லிருந்து .380-க்குள் வரட்டும். ரோல் கிரிம்ப் (வாயை உள்ளே மடக்குவது) கூடவே கூடாது: 9 எம்எம் தோட்டா கேஸ் வாயை வைத்துத்தான் சேம்பரில் நிற்கிறது.

இரண்டு துப்பாக்கிக்கும் ஒரே .358 சைசிங் டை வாங்கிவிடுங்கள். உங்கள் அச்சிலிருந்து விழும் குண்டு .358 வருகிறதா என்று முதலில் பாருங்கள். சைசிங் டை குண்டைச் சுருக்கும், பெரிதாக்காது. .357 தான் விழுகிறதென்றால் சைஸ் செய்யாமல் அப்படியே லூப் போட்டுச் சுடலாம். ஈயத்தோடு 2 சதவீதம் வெள்ளீயம் சேர்த்தால் அச்சு நன்றாக நிரம்பும், அடி ஓரம் கூர்மையாக வரும். 10 பவுண்டு ஈயத்துக்கு வெள்ளீயம் 90 கிராம் வேண்டும். 63/37 சால்டராக (63 சதவீதம் வெள்ளீயம்) வாங்கினால் ஏறக்குறைய 145 கிராம். குண்டின் அடி ஓரம் மழுங்கி இருந்தால் வாயு அங்கேதான் முதலில் புகும். அந்தக் குண்டைத் திரும்பச் சட்டியில் போடுங்கள், தயவு தாட்சண்யம் வேண்டாம்.

---

போல்ட்டும்_ஸ்பிரிங்கும்:

மேலே சொன்னதெல்லாம் சரி. துப்பாக்கிப் பக்கம் கொஞ்சம் பேசுவோம்.

ஹை-பாயின்ட் எல்லாம் நேரடி புளோபேக். போல்ட் பூட்டிக்கொள்ளும் ஏற்பாடே கிடையாது. எடையும் ஸ்பிரிங்கும்தான் கேஸைச் சேம்பரில் நிறுத்தி வைக்கின்றன. சி-9 ஸ்லைடு (பின்னால் ஓடும் மேல்பாகம்) துத்தநாகக் கலவையில் வார்த்தது, அவ்வளவு குண்டாக இருப்பதற்கும் இதுதான் காரணம். ஒஹாயோ மான்ஸ்ஃபீல்டுத் தொழிற்சாலையில் அந்த விலைக்குச் செய்ய முடிவதும் இதனால்தான். அழகைப் பற்றி ஆயிரம் கிண்டல் உண்டு. ஈயக்குண்டுக்காரனுக்குத் தேவை அளவு தெரிந்த எஃகுக் குழல், அது இதில் இருக்கிறது.

புளோபேக்கால் வரும் விளைவு இரண்டு. மெல்லிய லோடு போட்டால் கனமான ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாது. காலிக் கேஸ் வெளியேறும் வாயில் சிக்கும், அல்லது அடுத்த தோட்டாவைப் பிடிக்காது. தொடக்க அளவில் இப்படி ஆனால் கையேட்டு எல்லைக்குள் 0.1 கிரெய்னாக ஏற்றுங்கள். மறுபக்கம், அளவு மீறினால் அழுத்தம் இறங்குமுன் கேஸ் வெளியே வர ஆரம்பித்து அடிப்பக்கம் பிளக்கும். ஈயக்குண்டில் பிளஸ்-பி (கூடுதல் அழுத்த) லோடு வேண்டவே வேண்டாம்.

.358 குண்டு போட்டதும் சேம்பர் இடம் கொடுக்கிறதா என்று பார்க்காமல் மொத்தமாகக் கட்டிவிடாதீர்கள். சி-9 பேரல் சட்டத்தோடு சேர்ந்தது, தனியே கழலாது. குறுக்குப் பின்னைத் தட்டி எடுத்து ஸ்லைடைக் கழற்றினால் சேம்பர் திறந்து தெரியும். பவுடர், ப்ரைமர் இல்லாத மாதிரித் தோட்டாவைப் போட்டுப் பாருங்கள். 'டக்' என்று உட்கார வேண்டும், விரலால் சுழற்றினால் சுழல வேண்டும், கவிழ்த்தால் தானே விழ வேண்டும். உட்காரவில்லை என்றால் மார்க்கர் பேனாவால் கறுப்படித்து மறுபடி போடுங்கள். குண்டின் தோளில் மை உரிந்தால் ரைஃப்ளிங்கை முட்டுகிறது, இன்னும் ஆழமாக உட்கார வையுங்கள். கேஸ் வாயில் உரிந்தால் கிரிம்ப் போதவில்லை. கேஸ் உடம்பில் உரிந்தால் .358 உங்கள் சேம்பருக்குப் பெரிது, .357-க்கு இறங்குங்கள். ஆழம் கூடினால் அழுத்தமும் கூடும், அதனால் நீளம் மாற்றிய ஒவ்வொரு முறையும் பவுடரைத் தொடக்க அளவுக்குக் கொண்டுபோய் மறுபடி ஏற வேண்டும்.

கார்பைனுக்கும் பிஸ்டலுக்கும் ஒரே தோட்டா ஓடும், 10 தோட்டா மேகசின்கூட இரண்டிலும் போகும். ஆனால் 995 குழல் 16.5 அங்குலம். அலாக்ஸ் அவ்வளவு தூரம் தாங்காமல் வாய்ப்பக்கம் ஈயம் காட்டலாம். அளவைச் சரிசெய்த பிறகும் அங்கே ஒட்டினால் பவுடர் கோட்டிங்குக்கு (சூட்டில் உருகிப் படியும் பெயின்ட் பவுடர், வெடிமருந்து அல்ல) மாறுங்கள். அடியில் 5 என்று எண் போட்ட பிளாஸ்டிக் டப்பா, கறுப்பு ஏர்சாஃப்ட் மணிகள், குண்டு, ஒரு தேக்கரண்டி பெயின்ட் பவுடர். மூடிக் குலுக்கி, இடுக்கியால் எடுத்துத் தட்டில் நிறுத்தி, ஓவனில் 200 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம். வெந்ததா என்று அறிய ஒரு குண்டைச் சுத்தியலால் தட்டையாக்குங்கள். பூச்சு உரியக் கூடாது. கோட்டிங் விட்டத்தை ஆயிரத்தில் ஒன்றிரண்டு கூட்டும், ஆகவே சைசிங் அதற்குப் பிறகு. .357 விழும் அச்சுக்கு இது இரட்டை லாபம். அந்த ஓவனில் இனி ரொட்டி சுடாதீர்கள்.

கார்பைன் ஆட்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு: சார்ஜிங் ஹேண்டில் சுடச் சுட இளகும். ஆலன் சாவி ஒன்று பையில் இருக்கட்டும்.

---

மேற்கு_டெக்சஸ்:

ஒரு மாற்றுக் கருத்து. புதிதாக வார்க்கத் தொடங்குபவர் 9 எம்எம்மில் தொடங்குவதே தலைகீழ். 9 எம்எம் அதிகபட்ச அழுத்தம் 35,000 பிஎஸ்ஐ, .45 ஏசிபி 21,000. கேஸ் சாய்வும் .45-ல் இந்தத் தொல்லை தராது. ஹை-பாயின்ட்டின் .45 துப்பாக்கிகளான 4595 கார்பைனும் ஜேஎச்பி பிஸ்டலும் .452 குண்டை அலட்டிக்கொள்ளாமல் தின்னும். கணக்கு மட்டும் 9 எம்எம் பக்கம்: ஒரு பவுண்டு 7,000 கிரெய்ன், 124 கிரெய்ன் குண்டு 56 வரும், 230 கிரெய்ன் குண்டு 30தான்.

இனி யாரும் சொல்லாதது. வீல் வெயிட் வாளியில் துத்தநாகமும் இரும்பும் கலந்திருக்கும். சைட் கட்டரால் கடித்துப் பாருங்கள், ஈயம் மெத்தென்று வெட்டுப்படும், துத்தநாகம் பல்லுக்கு வழுக்கும். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், துத்தநாகம் 419. உருக்கும்போது 370-ஐத் தாண்டாமல் வைத்திருந்தால் தவறிப்போன துத்தநாகம் மேலே மிதக்கும், கரண்டியால் அள்ளிவிடலாம். கரைந்துவிட்டால் அந்தச் சட்டி ஈயம் கஞ்சி மாதிரி ஆகி அச்சை நிரப்பாது. ஈரமான எடைக்கட்டி எதையும் உருகிய ஈயத்தில் போடாதீர்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் நீராவியாகி ஈயத்தை முகத்துக்கு வாரி அடிக்கும். முகக்கவசம், முழுக்கை பருத்திச் சட்டை, தோல் கையுறை.

ஆபத்து புகையைவிடத் தூசியில். மேலே திரளும் சாம்பலை அள்ளும்போது பறப்பது ஈய ஆக்சைடு. மூடிய டப்பாவில் போடுங்கள், துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். வார்க்கும் இடத்தில் காபி, சிகரெட் வேண்டாம். வீட்டில் குழந்தை இருந்தால் அந்தச் செருப்பும் சட்டையும் வாசலைத் தாண்டக் கூடாது. டாக்டரிடம் சொன்னால் இரத்த ஈய அளவு பார்ப்பார். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் (சிடிசி) 2021 முதல் குழந்தைகளுக்கு வைத்திருக்கும் குறிப்பு அளவு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம்.

இப்போது குழலில் இருக்கும் ஈயத்துக்கு: சோர் பாய் என்ற பாத்திரம் தேய்க்கும் செம்புக் கம்பிச்சுருளில் சில இழை வெட்டி, பழைய பிரஷ்ஷில் சுற்றி, உலர்வாகவே இழுங்கள். வாங்கும்போது காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் அது செம்பு முலாம் போட்ட இரும்பு. வினிகரும் பெராக்சைடும் கலந்து ஊற்றாதீர்கள், உருவாவது ஈய அசிடேட், தோல் வழியாகவே உடம்பில் ஏறும். ஜாக்கெட் குண்டு சுட்டு ஈயத்தைத் தள்ளிவிடலாம் என்பதும் கெட்ட யோசனை, அடைபட்ட குழலில் அழுத்தம் ஏறும்.

---

ஒஹாயோக்காரன்:

எக்ஸ்பாண்டர் பிளக், .358 டை இரண்டும் ஆர்டர் போட்டாயிற்று. அச்சிலிருந்து விழுவது .3575, கோட்டிங் போட்டால் .359 பக்கம் வரும், சைஸ் செய்ய இடமிருக்கிறது. கடைசியாக ஒன்று. நண்பர் ஒருவர் ஹெச்1பியில் (அமெரிக்கத் தற்காலிக வேலை விசா) இருக்கிறார், வார்த்த குண்டு நூறு அவருக்குக் கொடுக்கலாமா?

---

மேற்கு_டெக்சஸ்:

பொறுங்கள். கிரீன் கார்டு இருந்தால் பிரச்சினை இல்லை. ஹெச்1பி மாதிரி விசாவில் வந்தவர் அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி துப்பாக்கி மட்டுமல்ல, அம்யூனிஷன் வைத்திருப்பதற்கும் தடை உள்ளவர். செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் கையில் இருப்பது போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. அந்தச் சட்டத்தில் அம்யூனிஷன் என்பதில் கட்டிய தோட்டா மட்டுமில்லை, கேஸ், ப்ரைமர், பவுடர், வெறும் குண்டு எல்லாம் அடங்கும். தெரிந்தே கொடுத்தவர் மேலும் வழக்கு வரும். உரிமத்தைக் கண்ணால் பார்க்காமல் கொடுக்காதீர்கள். காசுக்கு விற்கும் தொழிலாக இறங்கினால் டைப் 06 (அம்யூனிஷன் தயாரிப்பாளர்) லைசென்ஸ் வேண்டும், சொந்த உபயோகத்துக்கு வார்க்கக் கூட்டரசு லைசென்ஸ் தேவையில்லை.

---

போல்ட்டும்_ஸ்பிரிங்கும்:

உள்ளரங்க ரேஞ்சுக்குப் போகுமுன் போன் போட்டுக் கேளுங்கள். பல இடங்களில் வெற்று ஈயக்குண்டை விடமாட்டார்கள், கோட்டிங் போட்டதை விடும் இடங்கள் உண்டு. முதல் ஐந்து தோட்டாவை ஒவ்வொன்றாகப் போட்டுச் சுடுங்கள். சத்தம் வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டால் அடுத்ததைப் போடுமுன் மேகசினைக் கழற்றிப் போல்ட்டைத் திறந்து குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். ப்ரைமர் மட்டும் வெடித்தால் குண்டு உள்ளேயே நின்றிருக்கும். கோட்டிங் போட்ட பிறகு 25 கஜத்துத் துளைகள் வட்டமாக வருகின்றனவா, குழல் எப்படி இருக்கிறது என்பதை இங்கேயே எழுதுங்கள். அப்போதும் நீள்துளை வந்தால் மறுபடி ஒரு தோட்டாவைக் கழற்றி அடியை அளங்கள், புது பிளக் போதுமான ஆழம் இறங்கவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.