இசைக்கலைஞர்களின் குணத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

கல்லிடை வாசகர்

வணக்கம். கல்லிடைக்குறிச்சியில் லீவு நாளில் 8, 9ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கூட்டம் வைக்கிறோம். முப்பது பிள்ளைகள், 45 நிமிஷம். ‘இசை மேதைகளின் நற்குணங்கள்’ என்று தலைப்புக் கொடுத்தாச்சு. சேர்த்து வச்சிருக்கிற குறிப்பையெல்லாம் வாசித்தால் ‘எளிமையானவர், பணிவானவர், பழகுவதற்கு இனியவர்’ என்றே வருது. ஒருத்தர் பேரை எடுத்துட்டு இன்னொருத்தர் பேரைப் போட்டாலும் பொருந்தும். அதை அப்படியே ஒப்பிக்க மனசு வரலை.

யாரைச் சொல்லலாம்? கேள்விப்படுகிற சம்பவங்களில் எதை நம்பலாம், எதை விடலாம்? கர்வி, முன்கோபி என்று பேர் எடுத்தவங்களை ஒதுக்கிடணுமா? கையில் ஒரு புளூடூத் ஸ்பீக்கரும் புரொஜெக்டரும் இருக்கு. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சீவாளி

அண்ணாச்சி, உங்க ஊர்லேருந்து ரயில் ஏறினா வீரவநல்லூர் தாண்டி அடுத்தாப்ல காருகுறிச்சி. அங்கேயே தொடங்குங்க. நாதஸ்வர வித்துவான் காருகுறிச்சி அருணாசலம், 1921–1964. நாற்பத்தஞ்சு வயசுகூட ஆகலை. மண்பானைக்குப் பேர் போன ஊர்லேருந்து போய்த் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் கத்துக்கிட்டு, அவருக்கு ரெண்டாவது நாயனமா (நாதஸ்வரத்தைத்தான் நாயனம்பாங்க) வாசிச்சவர்.

இந்த ‘ரெண்டாவது நாயனம்’ என்ன வேலைன்னு பிள்ளைகளுக்குச் சொன்னாலே பாதிக் கூட்டம் முடிஞ்சுது. பெரியவர் மூச்சு எடுக்கிற இடத்துல இவர் நாதம் விடாம பிடிக்கணும். பெரியவர் ஒரு பிடி, அதாவது ராகத்துல ஒரு சின்னத் துண்டு, வாசிச்சா அதைத் தொட்டு வாசிக்கணும், தாண்டிப் போயிடக் கூடாது. தனக்கு என்ன தோணுதுன்னு காட்டுத இடம் அது இல்ல. நல்ல கற்பனை உள்ள ஆளுக்கு இதுதான் கஷ்டம். அந்த இடத்துல வருசக்கணக்கா உட்கார்ந்துட்டு, பிறகு தனியா மேடை ஏறினப்போ அவருக்குன்னு ஒரு வாசிப்பு இருந்துது பாத்தேளா, அதுதான் எனக்குப் பெரிசாத் தெரியுது. ‘பணிவு’ன்னு ஒரே வார்த்தையில எழுதினா இதுல ஒண்ணும் பிள்ளைகளுக்குப் போய்ச் சேராது.

செய்முறை இப்படி வைங்க. ரெட்டை நாயனப் பதிவு ஒண்ணு எடுங்க, ராக ஆலாபனையா இருக்கட்டும். நாலு நிமிஷம் போதும். ரெண்டாவது ஆள் வாசிக்கிறப்போ மட்டும் பிள்ளைகள் கை தூக்கணும். முதல் தடவை பாதிப் பேர் தப்பா தூக்குவாங்க, ஏன்னா நல்ல ஜோடி வாசிக்கிறப்போ எங்க ஒருத்தர் விட்டு இன்னொருத்தர் பிடிக்கிறார்னு தெரியாது. தெரியலைங்கிறதே அந்த ரெண்டாவது ஆளோட பெருமைன்னு அப்போ எடுத்துச் சொல்லுங்க.

‘சிங்கார வேலனே தேவா’ போடாம இருக்க மாட்டீங்க. 1962ல வந்த ‘கொஞ்சும் சலங்கை’. எஸ்.ஜானகி பாட்டு, காருகுறிச்சியார் நாயனம், ஆபேரி ராகம். அதுல ஒரு கோளாறு: வீடியோவா போட்டா திரையில நாயனம் பிடிச்சிருக்கிறது ஜெமினி கணேசன். வாசிச்சது அவர்தான்னு பிள்ளைகள் நினைச்சுக்கிடும். முதல்ல வெறும் ஒலியா போடுங்க, பேரைச் சொல்லுங்க, பிறகு படத்தைக் காட்டுங்க.

ஸ்பீக்கர் சத்தத்தைப் பாதிக்கு மேல ஏத்தாதீங்க. நாயனம் உச்ச ஸ்தாயிக்குப் போறப்போ சின்ன ஸ்பீக்கர் கிறீச்சுனு உடைக்கும், அதுதான் நாயனத்தோட குரல்னு பிள்ளைகள் முடிவு பண்ணிரும்.

எட்டயபுரம் ரசிகை

எது நம்பத் தகுந்தது என்ற கேள்விக்கு எங்க ஊரை வச்சே பதில் சொல்கிறேன்.

முத்துஸ்வாமி தீட்சிதர் எட்டயபுரத்தில் அமிர்தவர்ஷிணி ராகம் பாடி மழை பெய்தது என்பது ஐதீகம். அதைக் கதையாகச் சொல்லலாம், பிள்ளைகள் ரசிப்பார்கள். ஆனால் அதிலிருந்து ‘கருணை உள்ளவர்’ என்று குணம் எடுக்காதீர்கள். அதற்குப் பதிவுள்ள காரியம் வேறு இருக்கிறது. அவர் வெள்ளைக்காரர்களின் பாண்டு மெட்டுகளைக் கேட்டு, சுமார் நாற்பது மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் (பாட்டு வரிகள்) எழுதினார். ஆங்கிலேயரின் ராஜ வாழ்த்து மெட்டிலேயே ‘சந்ததம் பாஹிமாம்’ இருக்கிறது. அவர் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதை நம் சங்கீதத்துக்குப் பழக்கி, பிறகு எட்டயபுரம் சமஸ்தான வித்துவானாக இருந்தார். அந்நியமானதை அண்டவிடக் கூடாது என்ற எண்ணம் இல்லாத வீடு அது. இரண்டு மெட்டையும் அடுத்தடுத்துப் போட்டால் ஒன்றரை நிமிஷத்தில் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

முத்துஸ்வாமி தீட்சிதர் 1835இல் எட்டயபுரத்தில்தான் காலமானார். நெல்லை காந்திமதி அம்மன் மேல் ஹேமவதி ராகத்தில் ‘ஸ்ரீ காந்திமதீம்’ பாடியவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், உங்கள் பிள்ளைகள் பார்த்த சன்னதி அது.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தவர் சுப்பராம தீட்சிதர். பாலுஸ்வாமி தீட்சிதரின் மகள் வயிற்றுப் பேரன், அவருக்கே சுவீகார புத்திரன். அந்தக் காலத்தில் உருப்படி (கீர்த்தனை மாதிரியான பாட்டு) என்பது வீட்டுச் சொத்து. நல்ல பாடாந்தரத்தை, அதாவது பாடும் முறையை, சொந்தச் சீடனுக்கே அரைகுறையாகக் கொடுத்தவர்கள் உண்டு. இவர் தன் குடும்பத்தின் மொத்தக் கருவூலத்தையும் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யாக 1904இல் எட்டயபுரத்திலேயே அச்சேற்றினார். தெலுங்கில் இரண்டு பாகம், ஆயிரத்து ஐந்நூறு பக்கத்துக்கு மேல். வெறும் ஸ்வரம் மட்டும் இல்லை. எந்த ஸ்வரத்தை அசைக்க வேண்டும், எதை வழுக்க வேண்டும், எங்கே தட்டி விட வேண்டும் என்று ஸ்வரத்துக்கு மேல் தனித்தனிக் கமகக் குறி போட்டார். குறி இல்லாமல் கொடுத்திருந்தால் கொடுத்த மாதிரியும் இருக்கும், கொடுக்காத மாதிரியும் இருக்கும். அப்போது வயது அறுபதுக்கு மேல். 1906இல் போய்விட்டார்.

தானாக இறங்கி வரவில்லை, அதையும் மறைக்க வேண்டாம். சின்னஸ்வாமி முதலியார் என்ற கிறிஸ்தவ இசை அறிஞர் விடாமல் கேட்டார், எட்டயபுரம் ராஜாவும் சொன்னார். முதலியார் நம் உருப்படிகளை ஐரோப்பிய நொட்டேஷனில் எழுதி அச்சிட உழைத்துப் பார்வையே மங்கிப் போனவர். தயங்கிய ஒருவர் பிறகு கொடுக்க ஆரம்பித்தபோது ஒன்றையும் மிச்சம் வைக்காமல் கொடுத்தார். பிள்ளைகளுக்கு இது நன்றாக விளங்கும். தமிழிலும் மியூசிக் அகாடமி அந்த நூலைக் கொண்டுவந்திருக்கிறது. கமகக் குறி உள்ள ஒரு பக்கத்தைப் படமெடுத்துப் புரொஜெக்டரில் பெரிசாகக் காட்டுங்கள்.

மந்தர ஸ்தாயி

எனக்கு இந்தத் தலைப்பே உடன்பாடில்லை. நல்லவர் என்பதற்காக யாருடைய தோடி ராகமும் நன்றாக இருந்ததில்லை. குணத்தைச் சொல்லி இசையைக் கேட்க வைத்தால், நாளைக்கு ஒருவரைப் பற்றி வேண்டாத விஷயம் தெரிய வரும்போது பிள்ளை அவர் இசையையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடும்.

அப்படியும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் கர்வி என்று சொல்லப்பட்டவரை முதலில் வையுங்கள். ராஜரத்தினம் பிள்ளையிடம் பணிவைத் தேடினால் கிடைக்காது. அவர் காலத்தில் மேளக்காரர் (நாயனமும் தவிலும் வாசிப்பவர்) மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றுதான் வாசிக்க வேண்டும், வாய்ப்பாட்டுக்காரருக்கு மட்டும் மேடையில் ஜமக்காளம். இவர் பாடகர்களைப் போல நானும் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்றார். குடுமியை எடுத்து கிராப் வைத்துக்கொண்டார். உயரமான சுருதியில் பேசுகிற திமிரி நாயனத்தை விட்டு, நீளம் கூடிய, சுருதி இறங்கிய பாரி நாயனத்துக்கு வந்தார். கோயில் பிரகாரத்துக்கும் தெருவுக்கும் திமிரிதான் சரி, தூரத்துக்குக் கேட்கும். உட்கார்ந்து மணிக்கணக்காக ராகம் கேட்கிற சபைக்குப் பாரியின் கனம் வேண்டும். மேடையில் உட்கார்ந்ததும் குழலின் நீளம் கூடியதும் ஒரே மரியாதைப் பிரச்சினையின் இரண்டு பக்கம் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கர்வம் அவர் ஒருவருக்காக மட்டும் இல்லை. பின்னால் வந்த மேளக்காரர் அத்தனை பேருக்கும் அந்த ஜமக்காளத்தில் இடம் கிடைத்தது.

ஒரு எச்சரிக்கை. அவருடைய பழைய இசைத்தட்டுகளைப் போட்டால், 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றேகால் நிமிஷம்தான். ராகத்தை அதற்குள் அடக்கி வாசித்திருப்பார். ‘அவசரக்காரர்’ என்று யாரும் அதை வைத்து எடை போட்டுவிடக் கூடாது.

மிருதங்க வித்துவான் பாலக்காடு மணி ஐயர் மைக் வேண்டாம் என்றதையும் பிடிவாதம் என்பார்கள். மைக்கை வலந்தலைக்கு (மிருதங்கத்தின் வலது பக்கத்துக்கு) அருகில் வைத்தால் விரல் நுனிச் சொல், அதாவது தட்டுகிற ஒலி, பாட்டுக்கு மேலே ஏறிவிடும். எவ்வளவு அடக்க வேண்டும் என்று பக்கவாத்தியக்காரர் தன் காதால் முடிவு செய்ய முடியாது, மைக்காரர் முடிவு செய்வார். அதைத்தான் அவர் எதிர்த்தார். அவர் பெயரைச் சொல்கிறபோது, அவருக்கு மிருதங்கம் கட்டிக் கொடுத்த தஞ்சாவூர் பர்லாந்துவின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வலந்தலையில் கல்லுப்பொடியும் சாதமும் பிசைந்து ஒரு பூச்சு, காய்ந்ததும் தேய்ப்பு, மறுபடி பூச்சு என்று கை வலிக்க ஏற்றினால்தான் அந்தச் சொல் பேசும். கலைஞரின் குணத்தைப் பற்றிப் பேசுகிற பல பேர் தோல் பதப்படுத்திய கையைப் பற்றிப் பேசுவதில்லை.

தம்புரா

எம்.எஸ்.சுப்புலட்சுமி இல்லாமல் இந்தக் கூட்டம் நடக்காது. அதனால் எப்படிச் சொல்லக் கூடாது என்று முதலில். ‘அடக்கமான பெண்மணி’ என்று தொடங்காதீர்கள். ஆண் கலைஞருக்குச் ‘சாதனையாளர்’, பெண் கலைஞருக்கு ‘அடக்கம்’ என்று எழுதியிருப்பதைப் பெண்பிள்ளைகள் கவனிப்பார்கள்.

செய்த காரியத்தைச் சொல்லுங்கள். 1944இல் கஸ்தூரிபா நினைவு நிதிக்காக ஐந்து கச்சேரி. நிதி திரட்டப் பாடியதைப் பிறகும் நிறுத்தவில்லை. 1974இல் கிடைத்த மகசேசே விருதுகூட இசைக்காக மட்டும் இல்லை, பொதுச் சேவைக்கான பிரிவில் கொடுத்தது. 1968இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் வாங்கிய முதல் பெண். அடுத்தவர் டி.கே.பட்டம்மாள், 1970. இந்தக் கொடைகளுக்குப் பின்னால் கணவர் சதாசிவத்தின் ஏற்பாடு இருந்தது என்பதும் உண்மை. அதைச் சொன்னால் எம்.எஸ்ஸின் பெருமை குறையாது, குரல் கொடுத்து உழைத்தது அவர்தான்.

பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதரையும் விட்டுவிடாதீர்கள். பக்கவாத்தியக்காரரைத் தூக்கி விடுவதில் அவருக்கு நிகர் குறைவு. சின்ன வயதிலேயே மணி ஐயரை மேடைக்குக் கொண்டுவந்தவர். கிறிஸ்தவரான யேசுதாஸைச் சீடராக ஏற்றவர்.

இதைக் காதால் சோதிக்கலாம். ஒரு முழுக் கச்சேரிப் பதிவு எடுத்து, பாடகர் ராகம் எத்தனை நிமிஷம், வயலினுக்கு எத்தனை நிமிஷம், தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியம் மட்டும் வாசிக்கிற பகுதி) எத்தனை நிமிஷம் என்று கடிகாரம் வைத்து எழுதலாம். ஆனால் இணையத்தில் கிடைக்கும் பழைய பதிவுகள் பலவற்றில் தனியை வெட்டியிருப்பார்கள். அதைப் பார்க்காமல் ‘இவர் தனியே கொடுக்கவில்லை’ என்று சொல்லிவிட்டால் பெரிய அபாண்டம். கீர்த்தனை முடிந்த சூட்டோடு, கைதட்டல் விழாமல் சட்டென்று மங்களம் வந்தால் அது வெட்டிய பதிவு என்று சந்தேகப்படுங்கள்.

கல்லிடை வாசகர்

எல்லாருக்கும் நன்றி. தலைப்பை ‘இவர்கள் என்ன செய்தார்கள்?’ என்று மாத்திட்டோம். காருகுறிச்சியாருக்கு 15 நிமிஷம், சுப்பராம தீட்சிதருக்கு 10, ராஜரத்தினம் பிள்ளைக்கு 8, எம்.எஸ்ஸுக்கு 7, மிச்சம் கேள்விக்கு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டுச் சீட்டு, யார், என்ன செய்தார், எந்த வருஷம், யாருக்காக என்று நாலு கட்டம். செம்பைக்கும் மணி ஐயருக்கும் தனிக் கூட்டம் போடணும். பக்கத்து ஊர் நாயனக்காரர் ஒருத்தர் நேரில் வந்து வாசிக்கச் சம்மதிச்சிருக்கார். என்ன தயார் பண்ணி வைக்கணும்?

சீவாளி

அப்போ ரெக்கார்டைக் குறைச்சுக்கிடுங்க, அண்ணாச்சி. அவருக்கு ஜமக்காளம் போட்டு நடுவுல உட்கார வைங்க, பிள்ளைகள் சுத்தி உட்காரட்டும், மைக் வேண்டாம். அறை சின்னதுன்னா ஜன்னலைத் திறந்து வைங்க, இல்லைன்னா சத்தம் முட்டும். ஃபேனை நேரா அவர் மேல விடாதீங்க, காத்துல சீவாளி (வாயில வச்சு ஊதுற நாக்கு) காஞ்சு சுருதி நிக்காது. வந்த உடனே வாசிக்கச் சொல்லாதீங்க. சீவாளியை வாயில வச்சு நனைச்சு, ரெண்டு மூணு மாத்திப் பாத்து, சுருதிப்பெட்டியோட சேர்க்கப் பத்து நிமிஷமாவது ஆகும். அந்தப் பத்து நிமிஷத்தைப் பிள்ளைகள் பாக்கட்டும். குழல்ல தொங்குத சீவாளிக் கொத்து, அதைச் சொருகுற கெண்டை, கீழே வாய் விரிஞ்ச அணசு, எல்லாத்தையும் அவர் கையாலேயே காட்டச் சொல்லுங்க. சீவாளியைப் பிள்ளைகள் கையில கொடுக்கச் சொல்லிக் கேக்காதீங்க. நுனி ஒரு தடவை நசுங்கினா அது போச்சு.

சன்மானத்தைக் கவர்ல போட்டு, வாசிக்கிறதுக்கு முந்தியே கொடுத்துருங்க. தவில்காரருக்கும் தனிக் கவர்.