அரை மணி நேரம் உழுததும் இழுவை போய் நின்றுவிடுகிறது, பம்பைக் கழற்றித்தான் ஆக வேண்டுமா?

கேட்டவர்: மண்வெட்டி

பழைய மூன்று சிலிண்டர் டீசல் டிராக்டர், டர்போ கிடையாது, இன்ஜெக்டர்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப் ரோட்டரி வகை. காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், ஆனதும் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகையோடு தடதடவென்று ஓடும், சூடேறியதும் சரியாகிவிடும். அதைக்கூட விடுங்கள். கலப்பையை இறக்கி அரை மணி நேரம்போல உழுதால் மெதுவாக இழுவை குறைந்து, ஆக்சிலேட்டர் கொடுத்தாலும் ஏறாமல், கடைசியில் நின்றே போகிறது. ஒரு பத்து நிமிடம் விட்டுவிட்டு அடித்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகி நன்றாக ஓடும், அப்புறம் மறுபடி அதே கதை. டீசல் ஃபில்டர் புதிதாகப் போட்டாயிற்று. மெக்கானிக் பம்பைக் கழற்றி சர்வீஸுக்கு அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா, அதற்கு முன் நானே பார்க்க ஏதாவது இருக்கிறதா?

பதில்: பழைய இரும்பு

அனுப்பாதீர்கள், இப்போதைக்கு வேண்டாம். முதலில் ஒன்று சொல்லுங்கள், சாகும்போது சைலன்சரில் என்ன புகை வருகிறது? கரும்புகை தள்ளிக்கொண்டே இழுவை போனால் டீசல் போகிறது, காற்று போதவில்லை என்று அர்த்தம், ஏர் கிளீனரைப் பாருங்கள் (எண்ணெய்க் கிண்ணம் உள்ள வகை என்றால் அடியில் சேறு கட்டியிருக்கும்). புகையே இல்லாமல், அல்லது லேசாக வெள்ளையாக விட்டுவிட்டு வந்து அடங்கினால் டீசல் வரத்து குறைகிறது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டாவதுதான். கொஞ்ச நேரம் விட்டதும் சரியாகிவிடுவதும் அதற்குத்தான் பொருந்துகிறது, டேங்க் வாயில் ஏதோ குப்பை போய் ஒட்டி அடைக்கிறது, ஓட்டம் நின்றதும் அது விலகிவிடுகிறது.

அடுத்த முறை நின்ற உடனே, இடத்தை விட்டு நகராமல் இரண்டு காரியம் செய்யுங்கள். டேங்க் மூடியைத் திறங்கள். புஸ் என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் மூடியின் மூச்சுத்துளை அடைத்திருக்கிறது, வேலை அங்கேயே முடிந்தது. சத்தம் இல்லையா, ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவை (காற்றை வெளியேற்றும் திருகு) தளர்த்தி, ஃபீட் பம்பின் (டேங்க்கிலிருந்து டீசலை இழுத்து அனுப்பும் சின்ன பம்ப்) கை லீவரை அடியுங்கள். நுரை இல்லாமல் பலமாக டீசல் பீறிட்டால் ஃபில்டர் வரை பழுதில்லை. நுரையும் சொட்டுமாக வந்தால் ஃபில்டருக்கு முன்னால்தான் கோளாறு. லீவர் பிடிப்பே இல்லாமல் தொளதொளவென்று ஆடினால் ஃபீட் பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள், உள்ளே கேம் மேடு லீவரைத் தூக்கிப் பிடித்திருக்கலாம், இன்ஜினை லேசாகச் சுற்றிவிட்டு மறுபடி அடித்துப் பாருங்கள்.

இதிலும் பிடிபடவில்லை என்றால், ஒரு சுத்தமான கேனில் டீசல் ஊற்றி, பம்புக்கு மேலே, சைலன்சர் பக்கம் போகாமல் உறுதியாகக் கட்டி, அதிலிருந்து நேராக ஃபீட் பம்புக்குக் குழாய் கொடுத்து லோடில் ஓட்டுங்கள். நிற்காமல் ஓடினால் டேங்க், டேங்க் குழாய், டேப் இவற்றில் ஒன்று. அப்படியும் நின்றால் ஃபீட் பம்பிலிருந்து அந்தப் பக்கம். பாதிப் பிரச்சினையை இப்படி வெட்டி எறியாமல் பம்பைக் கழற்றுவது சும்மா வேலை வளர்ப்பது.

பதில்: நாசில்

மேலே சொன்னது சரி, ஆனால் பம்பை அவ்வளவு சுலபமாக விட்டுவிடவும் முடியாது. ரோட்டரி பம்பில் ஹெட்டும், அதற்குள் இடுக்கில்லாமல் சுழலும் ரோட்டரும் தேய்ந்திருந்தால், சூடான டீசல் நீர்த்துப்போய் இடுக்கில் கசிந்துவிடும், பிரஷர் ஏறாது, ஆறியதும் மறுபடி வேலை செய்யும். இவர் சொல்லும் அறிகுறி அதற்கும் ஒத்துப்போகிறது. சோதிக்க ஒரு வழி இருக்கிறது. சூடாக நின்றுபோய் ஸ்டார்ட் ஆகாமல் இருக்கும்போது பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றி, கொஞ்சம் குளிர்ந்ததும் அடியுங்கள். உடனே பிடித்தால் பம்ப் தேய்மானம்தான். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் ஊற்றிவிட வேண்டாம், சூட்டில் திடீரென்று சுருங்கி உள்ளே இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

பதில்: பழைய இரும்பு

அது ஸ்டார்ட்டர் சுற்றும் மெதுவான வேகத்தில்தான் அதிகம் காட்டும். முழு வேகத்தில் ஓடும்போது தேய்ந்த பம்பும் பெரும்பாலும் சமாளித்துவிடும். உழுதுகொண்டிருக்கும்போதே சாகிறது என்றால் என் சந்தேகம் டீசல் வரத்து மேல்தான்.

பதில்: மண்வெட்டி

புகை இல்லாமல்தான் அடங்குகிறது. மூடியில் சத்தம் இல்லை. கை லீவர் அடித்ததில் நுரை நுரையாக வந்தது. கேன் வைத்து ஓட்டினேன், கலப்பையோடு நிற்காமல் ஓடியது! அப்புறம் டேங்க்கிலிருந்து வரும் குழாயை எடுத்துவிட்டு ஒளி ஊடுருவும் டியூப் போட்டுப் பார்த்தால் குமிழி ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆனால் எங்குமே டீசல் ஒழுகவில்லை, காற்று எப்படி உள்ளே போகிறது?

பதில்: பழைய இரும்பு

ஃபீட் பம்ப் உறிஞ்சும் பக்கம் அது. டேங்க் வாய் அடைபட்டால் அந்த லைனில் உறிஞ்சல் அதிகமாகும், அப்போது வெளிக்காற்று உள்ளே வரும், டீசல் வெளியே வராது. அதனால் ஈரம் தேடிப் பயனில்லை. டீசலை வடித்து டேங்க் வாயில் இருக்கும் வலையைச் சுத்தம் செய்யுங்கள், டீசல் அழுக்கு தங்கும் கண்ணாடிக் கிண்ணத்தின் வாஷரையும் பஞ்சோ போல்ட்டின் (குழாய் முனையை இணைக்கும் துளையுள்ள போல்ட்) இரண்டு பக்க வாஷர்களையும் மாற்றுங்கள். பழைய வாஷரைத் திருப்பிப் போட்டு இறுக்கி ஒப்பேற்ற வேண்டாம். முடிந்ததும் ஃபில்டர், பம்ப், கடைசியில் இன்ஜெக்டர் பைப் நட்டுகள் என்ற வரிசையில் ஏர் எடுங்கள் (உள்ளே தங்கிய காற்றை வெளியேற்றுங்கள்).

பதில்: மண்வெட்டி

வலையில் துரும்பும் கறுப்புச் சகதியும் அப்பியிருந்தன, கிண்ணத்து வாஷர் கல் மாதிரி இறுகிப்போயிருந்தது. இரண்டையும் சரிசெய்தபின் நிற்கவில்லை. காலை வெள்ளைப் புகை மட்டும் அப்படியே இருக்கிறது, அதையும் பார்த்துவிடலாமா?

பதில்: நாசில்

பார்க்கலாம். புகை கண் எரிகிற மாதிரி டீசல் வாடை அடித்தால் எரியாத டீசல். வாடை இல்லாமல் ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) பக்கம் போகவேண்டும். டீசல் என்றால், தடதடக்கும்போதே ஐடிலில் வைத்து ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப் நட்டாகத் தளர்த்துங்கள். எதைத் தளர்த்தும்போது ஓட்டத்தில் மாற்றமே இல்லையோ அந்தச் சிலிண்டர்தான் அடிக்கவில்லை. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கையை அந்தப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். அந்தப் பீச்சு தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், ஊசி குத்திய அளவு காயம் என்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சிலிண்டர் தெரிந்ததும் அதன் இன்ஜெக்டரைக் கழற்றி பக்கத்துச் சிலிண்டருடையதோடு மாற்றிப் போடுங்கள், காப்பர் வாஷர் புதிது. கோளாறு கூடவே நகர்ந்தால் நாசில் (இன்ஜெக்டரின் பீச்சும் முனை), நகராவிட்டால் வால்வு அல்லது ரிங். அப்போது டேப்பெட் கேப்பை (வால்வுக்கு விடும் இடைவெளி) உங்கள் வண்டியின் புத்தக அளவுக்கு வைத்துவிட்டு, பேட்டரி நன்றாக இருக்கும்போது கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தம்) பாருங்கள். இந்த மாதிரி இன்ஜினில் 350 முதல் 450 பி.எஸ்.ஐ. வரை வரும். அந்த எண்ணைவிட, மூன்றும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

காற்று வரும் மேனிஃபோல்டில் ஹீட்டர் இருந்தால் அதற்குக் கரண்ட் வருகிறதா என்றும் பாருங்கள், நிறைய வண்டிகளில் வயரே அறுந்து தொங்கிக்கொண்டிருக்கும். ஹீட்டர் இருக்கும் வண்டியில் ஈதர் ஸ்ப்ரே மட்டும் அடித்துவிடாதீர்கள், மேனிஃபோல்டுக்குள்ளேயே வெடிக்கும்.